ஸ்கூபா முக்குளிப்புச் சான்றிதழ்

ஸ்கூபா முக்குளிப்புச் சான்றிதழ் என்பது, காற்று உருளையின் துணையுடன் நீரடியில் நீந்த ஒருவர் பயிற்சி பெற்றுள்ளார் என்பதற்குப் பயிற்சி முகமைகள் வழங்கும் அட்டை ஆகும். சி.எம்.ஏ.எஸ். (1959), பாடி (1966), எஸ்.எஸ்.ஐ. (1970) ஆகியவை பரவலாக அறியப்பட்ட முகமைகள். இவற்றின் தொடக்கநிலைப் பயிற்சிகள் பெரிதும் ஒத்தவை; ஒன்றின் அட்டையைப் பிற முகமைகளின் மையங்களும் பொதுவாக ஏற்கின்றன. எனவே முகமையைவிடப் பயிற்சி மையத்தின் தேர்வே முக்கியமானது.

திருநெல்வேலி மக்களுக்கு அண்மையிலுள்ள கடல் மன்னார் வளைகுடா ஆகும். கொற்கையிலும் தூத்துக்குடியிலும் முத்துக் குளித்தோர் மூச்சை அடக்கியே மூழ்கினர். தாமிரபரணியில் மூழ்கி விளையாடியவர்களுக்கும் அதுவே பழக்கம். ஸ்கூபாவில் இப்பழக்கம் உயிரைப் பறிக்கக்கூடும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரு மடங்கு. அங்கு உருளையிலிருந்து உள்ளிழுத்த காற்று, மூச்சை அடக்கியபடி மேலெழுந்தால் இரு மடங்காக விரிய முயன்று நுரையீரலைக் கிழித்துவிடும். தொடர்ந்து மூச்சு விடுவதை நீச்சல் குளத்திலேயே பொறுமையாகப் பழக்காமல், நேரே கடலுக்கு அழைத்துச் செல்லும் மையத்தைத் தவிர்ப்பது நல்லது.

பயிற்றுநரின் எண்ணை முகமையிடம் சரிபார்க்கலாம். உருளையில் பொறிக்கப்பட்ட சோதனைத் தேதி, படகில் ஆக்சிஜன் உண்டா, உயரழுத்த மருத்துவ அறை எங்குள்ளது என்பனவும் கேட்டறிய வேண்டியவை. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் அருகே வெள்ளக் காலத்தில் நீர் கலங்கும். அத்தகைய நாட்களில் முக்குளிப்பை ரத்து செய்யும் மையம் நம்பத்தக்கது.

முக்குளித்த அன்றே மாஞ்சோலை போன்ற உயர்ந்த மலைப்பகுதிகளுக்குச் செல்லலாகாது. அங்கு காற்றழுத்தம் குறைவாதலால், உடலில் கரைந்துள்ள நைட்ரஜன் குமிழிகளாக வெளிப்படலாம். பலமுறை முக்குளித்தோர் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்குமாறு பரிந்துரைக்கப்படுவதும் இதனாலேயே.