தனியார் நர்சிங் காலேஜ்: லோன் போடும் முன் பார்க்க வேண்டிய 3 விஷயங்கள்

தம்பியோ தங்கச்சியோ பிளஸ் டூ முடிச்சுட்டு தனியார் காலேஜில் பி.எஸ்சி. நர்சிங் சேரப் போறாங்களா? லோன் பேப்பரில் நீங்க கையெழுத்துப் போடும் முன் இதைப் படிச்சிடுங்க.

1. அனுமதி: மத்தியப் பிரதேசத்தில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 308 நர்சிங் காலேஜ்களை சிபிஐ ஆய்வு செய்தது. தகுதியில்லாத 66 காலேஜ்களை மூட 2024-ல் உத்தரவானது. நல்ல அறிக்கை தர லஞ்சம் வாங்கியதாக சிபிஐ அதிகாரிகளே கைதானார்கள். அதனால், சுவரில் மாட்டிய சான்றிதழை நம்பாதீங்க. நடப்பு ஆண்டுக்கான அனுமதி, இணைப்பு பற்றி மாநில நர்சிங் கவுன்சிலிலும் பல்கலைக்கழகத்திலும் நேரடியாக விசாரிங்க. கவுன்சிலில் பதிவு செய்யாமல் நர்ஸாக வேலை பார்க்க முடியாது.

2. ஆஸ்பத்திரி: காலேஜுக்கு 100 படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி சொந்தமாக வேணும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. நோயாளியே இல்லாத வார்டில் என்ன கத்துக்க முடியும்? கட்டடத்தை மட்டுமல்ல, வார்டையும் போய்ப் பாருங்க.

3. சம்பளம்: உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவுப்படி அமைந்த குழு, சின்ன தனியார் ஆஸ்பத்திரியிலும் மாதம் ரூ.20,000-க்குக் குறையக் கூடாது என்றது. அது பரிந்துரைதான். 10% வட்டியில் ரூ.6 லட்சம் லோனை 7 வருஷத்தில் அடைக்க, இஎம்ஐ சுமார் ரூ.9,960. கிட்டத்தட்ட பாதிச் சம்பளம்! படிக்கும் காலத்து வட்டி தனி.

முதல் இரண்டில் ஒன்று இல்லைன்னாலும் அந்த காலேஜ் வேண்டாம், ஃபீஸ் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. மூன்றாவது மட்டும் இடிச்சா, அரசு காலேஜ் கவுன்சலிங் முடியும்வரை அட்வான்ஸ் கட்டாதீங்க.