கடிகாரக்காரர் செய்த ஆர்கன்

சிகாகோவில் கறுப்பின மக்களின் தேவாலயம், பிலடெல்பியாவின் ஜாஸ் கிளப், மெம்ஃபிஸில் ப்ளூஸ் பதிவான ஸ்டுடியோ, லண்டனின் ராக் மேடை, ஜெர்மனியில் நவீன செவ்வியல் இசை அரங்கு. ஒன்றோடொன்று ஒட்டாத இந்த இடங்கள் எல்லாவற்றிலும் ஒரே இயந்திரம் இருந்திருக்கிறது. மேற்கத்திய இசையை எங்கே தொடங்குவது, ஜாஸிலா ராக்கிலா, செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கிலா என்று கேட்பவர்களுக்கு நான் பாடகர் பட்டியல் எதுவும் கொடுப்பதில்லை. ஹேமண்ட் ஆர்கனைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்வேன். அது போகாத தெரு குறைவு.

இதைச் செய்த லாரன்ஸ் ஹேமண்டுக்கு வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. 1895இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த இயந்திரப் பொறியாளர் அவர். மின்சாரக் கடிகாரம் செய்து விற்றுக்கொண்டிருந்தார். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடிகார வியாபாரம் படுத்தது. சீட்டுக்கட்டைத் தானே கலைத்துப் பிரித்துப் போடும் மேசை ஒன்றைக்கூடச் செய்து பார்த்தார். தொழிற்சாலையில் நல்ல மோட்டார் இருந்தது. அதை வைத்து வேறென்ன செய்யலாம் என்ற யோசனையில் பிறந்ததுதான் ஆர்கன். 1934இல் காப்புரிமை கிடைத்தது, 1935இல் விற்பனைக்கு வந்தது. குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சின்னத் தேவாலயங்களைத்தான் அவர் வாடிக்கையாளராக நினைத்தார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பெட்டியைத் திறந்தால் தெரிவது முழுக்க முழுக்க இயந்திர வேலைதான். சிலிக்கான் சில்லு கிடையாது. சுரத்தை உண்டாக்குவதற்குப் பழைய ரேடியோக்களில் இருந்த வால்வுகூடக் கிடையாது, ஒலியைப் பெருக்குவதற்கு மட்டும்தான் வால்வு. ஒரு நீண்ட அச்சு, அதன் இருபுறமும் பல்சக்கரங்கள், அவற்றால் சுழலும் எஃகு வட்டுகள். புகழ்பெற்ற பி-3 மாடலில் ஒலி தரும் வட்டுகள் 91. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் அகலம், விளிம்பில் பற்கள். வட்டுக்கு எதிரே ஒரு காந்தக் கம்பி, அதன்மேல் செப்புக் கம்பிச் சுருள். பல் ஒன்று காந்த முனையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் சுருளில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் சுரம்.

கணக்கு ரொம்ப எளிது. மோட்டார் நிமிடத்துக்கு 1,200 சுற்று, அதாவது நொடிக்கு 20. A என்ற சுரத்துக்கு 88 பல்லும் 64 பல்லும் கொண்ட சக்கர ஜோடி. 20ஐ 88ஆல் பெருக்கி 64ஆல் வகுத்தால் 27.5. அந்த வேகத்தில் சுழலும் வட்டின் விளிம்பில் 16 பற்கள் இருந்தால் நொடிக்கு 440 அதிர்வு. உலகமெங்கும் இசைக்குழுக்கள் சுருதி சேர்க்கும் அதே 440. மற்ற சுரங்கள் இவ்வளவு முழுசாக வராது. நடு C 261.63ஆக இருக்க வேண்டியது, இங்கே 261.54 வரும். காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மோட்டாரின் வேகத்தை நிர்ணயிப்பது மின்சாரத்தின் அலைவெண். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் கடிகாரம் தப்பாது என்பதுபோல, இங்கே சுருதியும் தப்பாது. ஆகவே இந்த ஆர்கனுக்குச் சுருதி சேர்க்கும் வேலையே இல்லை. ஆனால் அமெரிக்காவுக்காகச் செய்த பெட்டியை 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நம் ஊருக்குக் கொண்டுவந்து, டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் வைத்து ஓட்டினால் எல்லாச் சுரமும் ஆறில் ஐந்து பங்காக இறங்கிவிடும். கர்நாடக சங்கீதக் கணக்கில் சொன்னால், சாதாரண காந்தாரத்தை அழுத்தினால் சட்ஜம் கேட்கும். அதனால்தான் 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்குத் தனியாகச் செய்து அனுப்பினார்கள்.

வட்டு தருவது வெறும் சுத்த அலை. ஊதுகுழலின் மிருதுவான ஒலிபோல இருக்கும், அதை மட்டும் கேட்டால் சலிப்புத் தட்டும். இதற்கு ஹேமண்ட் வைத்த தீர்வு டிராபார். கீபோர்டுக்கு மேலே இழுத்து நீட்டக்கூடிய ஒன்பது பட்டிகள். ஒவ்வொன்றிலும் பூஜ்யம் முதல் எட்டு வரை அளவு. ஒன்று அடிப்படைச் சுரம், இன்னொன்று அதன் இரட்டிப்பு, வேறொன்று மும்மடங்கு என்று மேல் அதிர்வுகளைக் கூட்டியோ குறைத்தோ வாசிப்பவரே ஒலியைக் கட்டலாம். ஒன்பது பட்டி, ஒன்பது நிலை என்று பெருக்கினால் 38 கோடிக்கு மேல் சேர்க்கைகள் வரும். எனக்குத் தெரிந்து நல்ல வாசிப்பாளர்கள் அதில் ஏழெட்டைத் தாண்டுவதில்லை.

இதில் ஒரு சிக்கனம் இருக்கிறது. மேல் அதிர்வுகளுக்கென்று தனி வட்டுகள் கிடையாது. C சுரத்தின் மும்மடங்கு வேண்டுமென்றால் G சுரத்தின் வட்டிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளும். அது துல்லியமான மும்மடங்கு அல்ல, மயிரிழை தள்ளியிருக்கும். பக்கத்து வட்டின் ஒலியும் கொஞ்சம் கசியும். ஒரு கீயை அழுத்தினால் அடியில் ஒன்பது தொடுமுனைகள் மூட வேண்டும். அவை ஒரே கணத்தில் மூடாததால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். இந்த டிக் சத்தத்தை ஒழிக்கப் பொறியாளர்கள் வருடக்கணக்கில் மெனக்கெட்டார்கள். முழுக்க முடியவில்லை. நல்லவேளை!

குழாய் ஆர்கன் செய்பவர்கள் சும்மா இருக்கவில்லை. ஹேமண்டின் விளம்பரங்கள் மிகையானவை என்று அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் புகார் போக, 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத் தேவாலயத்தில் சோதனை நடந்தது. கேட்டவர்கள் பல தடவை எது எது என்று பிரிக்க முடியாமல் தடுமாறினார்கள். ஆனாலும் சில விளம்பர வாசகங்களைக் கைவிடும்படி ஆணையம் சொன்னது. என் காதுக்குப் புகார்காரர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஹேமண்ட் குழாய் ஆர்கன் மாதிரி ஒலிப்பதில்லை. அது வேறு ஜாதி.

ஹேமண்ட் ஆர்கன் ஒன்றை வாங்கிய டொனால்ட் லெஸ்லிக்கும் அதே எண்ணம்தான். கடையின் பெரிய கூடத்தில் நன்றாகக் கேட்ட ஆர்கன், வீட்டுக்கு வந்ததும் உயிரில்லாமல் ஒலித்தது. அவர் ஒரு மரப்பெட்டிக்குள் ஒலிபெருக்கிக் கொம்பைச் சுழலவிட்டார். கொம்பு நம்மை நோக்கி வரும்போது சுருதி ஒரு நூல் ஏறும், விலகும்போது இறங்கும். ஊதிக்கொண்டே ஸ்டேஷனைக் கடக்கும் ரயிலில் கேட்கிறோமே, அதே டாப்ளர் விளைவுதான். கீழே கனத்த ஒலிக்கு ஒரு சுழலும் உருளை. வேகமாகச் சுற்றினால் நிமிடத்துக்கு 400 சுற்று அளவில் போகும். கொம்புக்கு இரண்டு வாய் தெரியும், ஆனால் ஒலி வருவது ஒன்றில்தான். மற்றது எடை சமன் செய்ய. லெஸ்லி இதை ஹேமண்டிடம் கொண்டுபோனார், ஹேமண்டுக்குப் பிடிக்கவில்லை. தன் ஆர்கனோடு இதைச் சேர்ப்பதை அவர் நிறுவனம் நீண்ட காலம் எதிர்த்தது. வாசிப்பவர்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று ஹேமண்ட் ஒலி என்று நாம் சொல்வது பாதி லெஸ்லிதான்.

தேவாலயம்தான் முதல் வீடு. 1939இல் சிகாகோவின் ஃபர்ஸ்ட் சர்ச் ஆஃப் டெலிவரன்ஸில் கென்னத் மோரிஸ் இந்த ஆர்கனைக் காஸ்பெல் என்ற பக்திப் பாடல்களோடு சேர்த்தார். பிரசங்கம் சூடேற ஏற அடியில் ஆர்கன் முனகி, பொங்கி, கத்தும். அங்கிருந்து ஜாஸ் ஓரடி தூரம். ஃபேட்ஸ் வாலர் முன்பே வாசித்திருக்கிறார் என்றாலும், ஆட்டத்தையே மாற்றியவர் ஜிம்மி ஸ்மித். பிலடெல்பியாவில் ஒரு கிடங்கில் ஆர்கனைப் போட்டு, பெடல்களின் படத்தைச் சுவரில் ஒட்டி, தனியாகப் பழகினார். 1956இல் ப்ளூ நோட் நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் இசைத்தட்டோடு ஜாஸ் ஆர்கனுக்கு இலக்கணம் எழுதப்பட்டுவிட்டது. முதல் மூன்று டிராபாரை முழுக்க இழுத்து வைப்பார். இடது கை பேஸ், கால் பெடலில் தட்டு, வலது கையில் சீறிக்கொண்டு ஓடும் சுரவரிசை. ஒழிக்க நினைத்த அந்த ‘டிக்’ சத்தம்தான் அந்த ஓட்டத்துக்குத் தாளம்போலக் கூர்மை தந்தது. ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் மூவர் போதும். பேஸ் வாசிக்க ஆள் தேவையில்லை. கிளப் முதலாளிகளுக்கும் சம்பளம் மிச்சம்.

ப்ளூஸ் பக்கம், 1962இல் மெம்ஃபிஸில் புக்கர் டி. ஜோன்ஸ் என்ற 17 வயதுப் பையன் வாசித்த ‘கிரீன் ஆனியன்ஸ்’ ஒன்று போதும். சின்ன எம்-3 மாடல், பன்னிரண்டு பார் ப்ளூஸ் வடிவம், வேறு அலங்காரமே இல்லை.

ராக் இசைக்காரர்கள் பாக்கைக் கண்டுபிடித்ததும் இதன் வழியாகத்தான். 1967இல் புரோகல் ஹாரம் குழுவின் ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பாட்டில் மேத்யூ ஃபிஷர் வாசித்த ஆர்கன் பகுதி பாக்கின் சாயலில் நடக்கும். அந்தப் பகுதிக்கு உரிமைப் பங்கு கேட்டு அவர் தொடுத்த வழக்கு 2009இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை போய் அவர் பக்கம் தீர்ந்தது. டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட் சுமார் 190 கிலோ எடையுள்ள ஆர்கனை லெஸ்லியை விட்டுவிட்டுக் கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார். சத்தம் கரகரவென்று கிழிந்து வந்தது. கிட்டாரோடு நேருக்கு நேர் நிற்க அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. அதே லார்ட் 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்கும் ராக் குழுவுக்கும் சேர்த்து ஒரு கான்செர்ட்டோ எழுதி அரங்கேற்றினார். செவ்வியல் இசையின் தீவிரக் கோடியில் இருந்த ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் 1965லேயே ‘மைக்ரோஃபோனி 2’ படைப்பில் பாடகர் குழுவோடு ஹேமண்டைச் சேர்த்திருந்தார். அது எல்லோருக்கும் ஒத்துவராது, எனக்கும்தான்.

வட்டு சுழலும் ஆர்கன்களின் தயாரிப்பு 1970களின் நடுவில் நின்றது. பெயரை இப்போது ஜப்பானின் சுஸுகி இசைக்கருவி நிறுவனம் வைத்திருக்கிறது; உள்ளே எல்லாம் டிஜிட்டல். பழைய பெட்டிகள் இன்னும் ஓடுகின்றன. ஆண்டுக்கொரு முறை மேலே உள்ள குழிகளில் எண்ணெய் விட்டால், பருத்தி நூல்கள் அதை உறிஞ்சி ஒவ்வொரு அச்சுக்கும் கொண்டுபோகும். பராமரிப்பு பெரும்பாலும் அவ்வளவுதான்.

கேட்க நினைப்பவர்கள் ஜிம்மி ஸ்மித்தின் ‘தி செர்மன்’ தொடங்கி, ‘கிரீன் ஆனியன்ஸ்’, புரோகல் ஹாரம் என்று வந்து, டீப் பர்ப்பிளின் ‘ஹைவே ஸ்டார்’ வரை போகலாம். கைபேசியின் குட்டி ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். இடது கையும் காலும் சேர்ந்து போடும் பேஸ் அதில் வரவே வராது. சாதாரண ஹெட்போன் போதும்.