மாற்றுச் சிறுநீரகமும் மீன் எண்ணெய்க் குளிகையும்

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் புறநோயாளர் பிரிவுக்குக் கொண்டுவரும் மருந்துப் பையில், நாங்கள் எழுதிக் கொடுக்காத ஒரு பொருளும் அடிக்கடி தென்படுகிறது. பொன்னிறத்தில் மின்னும் மீன் எண்ணெய்க் குளிகைதான் அது. புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர் இருப்பதால், விடுமுறையில் வருவோர் அன்பளிப்பாகக் கொண்டுவந்த புட்டியாகவும் அது இருக்கும். 'சிறுநீரகத்தைக் காக்குமாமே?' என்று கேட்டுவிட்டு உட்கொள்வோர் சிலர். கேளாமலே உட்கொள்வோர் பலர்.

இந்த நம்பிக்கை அடிப்படையற்றதன்று. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகர மருத்துவர்கள் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களில் ஒரு பிரிவினர் நாள்தோறும் 6 கிராம் மீன் எண்ணெயும், மற்றொரு பிரிவினர் அதே அளவு தேங்காய் எண்ணெயும் ஓராண்டுக்கு உட்கொண்டனர். மீன் எண்ணெய் பெற்றவர்களிடம் உறுப்பு நிராகரிப்பு நிகழ்வுகள் குறைவாக இருந்தன. அனைவரும் சைக்ளோஸ்போரின் மருந்தில் இருந்தவர்கள். அம்மருந்து சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும் இயல்புடையது. மீன் எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களோ அச்சுருக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருளின் உற்பத்தியைக் குறைப்பவை. ஆகவே அந்த எதிர்பார்ப்பில் பொருள் இருந்தது.

பின்னர் வந்த சான்றுகள் அந்த அளவுக்கு ஊக்கமளிக்கவில்லை. 15 ஆய்வுகளையும் 733 நோயாளிகளையும் ஒருசேர மதிப்பிட்ட 2016-ஆம் ஆண்டு காக்ரேன் திறனாய்வு, மீன் எண்ணெயால் நிராகரிப்போ உறுப்பிழப்போ உயிரிழப்போ குறைவதாகக் காணவில்லை. நல்ல கொழுப்பு சற்றே கூடியது. இரத்த அழுத்தத்தின் கீழ் அளவு சற்றே குறைந்தது. 2019-இல் நார்வேயில் 132 பேரிடம் நாளொன்றுக்கு 2.6 கிராம் ஒமேகா-3 கொடுத்து 44 வாரங்கள் பார்த்தார்கள். டிரைகிளிசரைடு குறைந்தது, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனில், ஆலிவ் எண்ணெய் பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

கடைக் குளிகையின் கணக்கும் தெரிந்திருத்தல் நன்று. '1000 மி.கி.' என்று முகப்பில் பெரிதாக அச்சிட்டிருப்பது எண்ணெயின் எடை. பின்புறத்தைப் பார்த்தால் பலவற்றில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்றிருக்கும்; அதாவது பயன்தரும் பொருள் 300 மி.கி. மட்டுமே. நார்வே ஆய்வின் அளவை எட்ட நாளொன்றுக்கு ஒன்பது குளிகைகள் வேண்டும்! அவ்வளவு உட்கொள்வதும் தீங்கற்றதன்று: அதிக அளவில் இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகும் வாய்ப்பு கூடுகிறது. ஆஸ்பிரின் முதலிய மருந்துகள் எடுப்பவர்களும், சிறுநீரகத் திசுப் பரிசோதனைக்கு நாள் குறித்திருப்பவர்களும் கட்டாயம் எங்களிடம் தெரிவிக்க வேண்டும். மீன் ஈரல் எண்ணெய் வேறு பொருள்; அதிலுள்ள வைட்டமின் ஏ, சிறுநீரகச் செயல்திறன் குறைந்தவர்களின் உடலில் தேங்கிவிடக்கூடும்.

எனக்குள்ள பெரிய கவலை வேறொன்று. குளிகை காக்கிறது என்னும் நிம்மதியில் டேக்ரோலிமஸ் வேளை தவறலாம். அல்லது குளிகைக்குச் செலவிட்ட பணத்தால் மைக்கோபீனோலேட் வாங்குவது தள்ளிப்போகலாம். நிராகரிப்பைத் தடுப்பவை இம்மருந்துகளே. அவற்றை ஒரு வேளைகூட விடலாகாது.

ஒமேகா-3 வேண்டுவோர் பெரிய மார்க்கெட்டுக்குப் போனாலே போதும். மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி ஆகியவற்றில் அது நிறைந்துள்ளது. வாரம் இருமுறை, உப்பும் எண்ணெயும் குறைத்த குழம்பாக, நன்கு வேகவைத்து உண்ணலாம். (ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறும் என்பதை இல்லத்தரசிகள் எனக்கு நினைவூட்டுவர்.) கருவாட்டில் உப்பு மிகுதி, சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். சைவ உணவினர் ஆளி விதையைப் பொடித்துச் சேர்க்கலாம். எனினும் அதிலுள்ள ஒமேகா-3 வேறு வகை, அதன் சிறு பங்கே உடலில் இ.பி.ஏ.வாக மாறும்.

டிரைகிளிசரைடு மிக உயர்ந்தவர்களுக்கு நாங்களே ஒமேகா-3 மருந்தை அளவறிந்து எழுதுவதுண்டு. மற்றவர்கள் அடுத்த பரிசோதனைக்கு வரும்போது அந்தப் புட்டியையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். பின்புறத்தைச் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.