மாத்திரை நின்றது ஏன்?

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயிலுக்காக அடையாள அட்டையோடு நிற்கும் பிள்ளைகளில் சிலர் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போகிறவர்கள். நுண்ணுயிரியலோ நர்சிங்கோ பார்மசியோ படித்தவர்கள். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடைப் போடுவது இவர்கள் வேலை. அந்தக் கோடை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் நகர்கிறது. வெறும் பில் போடும் வேலைதானே என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு கோடைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சுகர் எக்கச்சக்கமாக ஏறிய நிலையில் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். இன்சுலின் வாங்கக் காசில்லை, மூன்று வாரமாகப் பாதி டோஸ்தான் போட்டேன் என்கிறார். டாக்டர் அதை அப்படியே எழுதுகிறார். கோடர் முதலில் நோய்க்கான கோடைப் போட்டுவிட்டு, அடுத்து டி38.3எக்ஸ்6ஏ என்று போடுகிறார். டி38 என்றால் ஹார்மோன் மருந்துகள். 3 என்றால் அவற்றில் இன்சுலினும் சர்க்கரை மாத்திரைகளும். எக்ஸ் வெறுமனே இடம் நிரப்புவது. கடைசி ஏ, இதற்கான சிகிச்சை இப்போது நடக்கிறது என்பதைச் சொல்கிறது. மிச்சம் இருப்பது 6.

அந்த இடத்தில் 1 இருந்தால், மருந்து தவறுதலாக விஷமாகிவிட்டது என்று பொருள். 2 தனக்குத்தானே தீங்கு செய்துகொண்டது. 3 பிறர் தீங்கு நினைத்துக் கொடுத்தது. 4 எப்படி நேர்ந்தது என்று தீர்மானிக்க முடியாதது. 5 சொன்ன அளவில் சாப்பிட்டும் வந்த பக்கவிளைவு. 6 சொன்னதைவிடக் குறைவாக எடுத்தது, அல்லது தானாகவே நிறுத்தியது. மருந்து உடம்புக்குள் போனதால் வரும் கேடும் போகாததால் வரும் கேடும் ஒரே வரிசையில் நிற்கின்றன! 2015 அக்டோபரில் இந்தக் கோடுகளின் பட்டியலுக்கு மாறும்வரை அமெரிக்காவில் இந்த 6-க்கு இடமே கிடையாது. ‘சொன்னபடி கேட்காதவர்’ என்ற பொருளில் பொதுவான ஒரு கோடு இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது காரணத்துக்கும் தனிக் கோடு உண்டு. இசட்91.120 என்றால் பணமுடையால் தெரிந்தே குறைத்தது. கடைசி எண் 8 ஆனால் வேறு காரணத்தால் தெரிந்தே குறைத்தது. இசட்91.130 என்றால் முதுமைத் தளர்ச்சியால் தன்னையறியாமல் விட்டுப்போனது. 2023 அக்டோபரில், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் மருந்து கொடுக்காமல் விட்டதற்கும் கோடுகள் வந்தன. 1893-ல் ஜாக் பெர்ட்டில்லான் என்ற பிரெஞ்சுக்காரர் தொகுத்த மரணக் காரணங்களின் பட்டியல்தான் இதற்கெல்லாம் மூலம். சாவை எண்ணத் தொடங்கிய பட்டியல், மாத்திரை வாங்கக் காசில்லாத வீடுவரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் ஒரு கண்டிப்பான விதி. டாக்டர் எழுதாததைக் கோடர் ஊகித்துப் போடக் கூடாது. ‘மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால், காசில்லையா, மறதியா, வாந்தி வந்ததா என்பது அந்தக் காகிதத்தோடு போயிற்று.

மருந்து ஏன் நின்றது என்ற அந்தக் கேள்வியை நம் ஊர் வெகுகாலம் முன்பே கேட்டிருக்கிறது. சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறியவர்கள் தாம்பரத்துக்கு அடுத்து கடக்கும் ஸ்டேஷனின் பெயர் தாம்பரம் சானடோரியம். காசநோய் என்றால் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தாக வேண்டும் என்றிருந்த காலத்தின் பெயர் அது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இதைச் சோதித்துப் பார்த்தது. 193 நோயாளிகளில் ஒரு பாதியினர் சானடோரியத்தில், மறுபாதியினர் தங்கள் நெரிசலான வீடுகளிலேயே. எல்லோருக்கும் ஓராண்டு ஒரே விதமான மருந்துகள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன்; வீட்டாருக்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை.

வீட்டில் இருப்பவர் மருந்தைச் சாப்பிடுகிறாரா என்று எப்படித் தெரியும்? மையத்தார் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள், மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். மையத்தை வழிநடத்திய வாலஸ் பாக்ஸ், மருந்தை நோயாளியே எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றி 1958-லேயே தனிக் கட்டுரை எழுதினார். அப்போது தந்த மருந்துகளில் ஒன்றான பாஸ், வயிற்றைப் புரட்டும். தினமும் விழுங்குவது பெரும்பாடு. மையம் நோயாளியைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. சிகிச்சையை மாற்றிப் பார்த்தது. வாரம் இரண்டே முறை, ஊழியர் கண்ணெதிரே மருந்து என்ற முறை பலன் தருவதை 1964-ல் காட்டியது. பிற்காலத்தில் உலகமெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு வித்திட்ட ஆய்வுகளில் அதுவும் ஒன்று. என் பார்வையில், தமிழ்நாடு உலக மருத்துவத்துக்குத் தந்த மிகப் பெரிய கொடை இதுதான்.

மருந்தை விடுவது ஏழைநாட்டுப் பழக்கமும் அல்ல. நாள்பட்ட நோய்க்கு மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சுமார் பாதிப்பேர்தான் என்று 2003-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, அன்றைய கூலியை இழப்பது என்ற காரணத்துக்கு அது நேரான பதில்.

காரணம் தெரிந்தால்தான் பதில் வரும். ஆகவே டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘இர்ரெகுலர்’ என்று எழுதி நிறுத்தாமல், பக்கத்தில் ஏன் என்று நாலு வார்த்தை எழுதுங்கள். நோயாளிகளுக்கும் அதேதான். “மாத்திரை எல்லாம் ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால், திட்டுவார்களோ என்று தலையாட்டிவிடாதீர்கள். நீங்கள் ஆமாம் என்றால், இருக்கிற மருந்து போதவில்லை என்று எண்ணி டாக்டர் டோஸைக் கூட்டக்கூடும். “பத்து நாளா இல்லைங்க டாக்டர், காசில்லை” என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதைச் சீட்டில் எழுதச் சொல்லியும் கேளுங்கள்.