மடிப்புக் கண்ணாடிக் கதவு வாங்கும் முன்...

அடுக்குமாடி வீடுகளின் சிறிய குளியலறையில் முழுக் கதவைத் திறந்தால் அது கழிப்பறையிலோ கைகழுவும் தொட்டியிலோ இடிக்கும். மடிப்புக் கதவுக்கு ஏறக்குறைய பாதி இடம் போதும்.

கண்ணாடி 'டெம்பர்ட்' வகையாக இருப்பது அவசியம். சாதாரணக் கண்ணாடி கத்திபோல் கூரிய துண்டுகளாக உடையும். டெம்பர்ட் கண்ணாடி சிறு சிறு மணிகளாக உதிரும். வழக்கமாக அதன் முத்திரை ஒரு மூலையில் பதிந்திருக்கும். கடையில் கேட்டுப் பாருங்கள்.

இதைத் தயாரித்த பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. ஆகவே, சுவரில் ஓடு பதித்து முடித்த பின்னரே மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அகலத்தை அளந்து, ஆகக் குறைந்த அளவைக் கொடுங்கள்.

வீட்டில் முதியவர் இருந்தால், உட்பக்கம் மட்டும் மடியும் கதவு வேண்டாம். அவர் வழுக்கி விழுந்தால் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். உதவிக்கு ஓடி வருபவரால் திறக்க முடியாது. இரு பக்கமும் மடியும் கதவைக் கேட்டு வாங்குங்கள். பிடித்து எழுவதற்குக் கதவை நம்பாமல், சுவரில் தனியாகக் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள்.

மாதம் ஒருமுறை கீல்களையும் திருகாணிகளையும் பாருங்கள். கண்ணாடியின் விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். டெம்பர்ட் கண்ணாடிக்கு விளிம்புதான் பலவீனமான இடம்.