ஆடிக் காற்றும் அறுபதில் ஒரு நொடியும்

முசுறு எறும்புகள் மாவிலைகளைத் தைத்துக் கூடு கட்டுவதைப் படமெடுக்க, ராஜபாளையத்துத் தோப்புகளுக்குள் நான் முதலில் போனது ஸ்லைடு ஃபிலிம் காலத்தில். ஐஎஸ்ஓ 64, சுருளுக்கு 36 படம். எறும்பு தன் நிஜ அளவிலேயே ஃபிலிமில் விழ வேண்டுமென்று லென்ஸை நீட்டினால், வெளிச்சம் கால் பங்காகக் குறைந்துவிடும். உச்சி வெயிலிலும் எஃப்/8 வைத்தால் ஷட்டர் 1/60 நொடிதான். மர நிழலில் 1/8. கையில் பிடித்து 1/8-ல் எறும்பை எடுப்பது நடக்காத காரியம்.

லென்ஸ் 100 மி.மீ. என்றால் ஷட்டர் 1/100 என்று ஸ்டுடியோவில் சொல்லித்தந்த கணக்கு ஆட்களை எடுக்கச் சரி. பூச்சி பெரிதாகும்போது கைநடுக்கமும் கூடவே பெரிதாகிறது. அதனால் பிளாஷ். ஷட்டர் 1/60-லேயே நிற்கும். பிளாஷ் மின்னுவதோ ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவு. அந்த மின்னல்தான் உண்மையான ஷட்டர். எறும்பு கூர்மையாக விழும்; பின்னால் தோப்பே நள்ளிரவு போல இருண்டுகிடக்கும். அந்தக் கறுப்பு எனக்கு என்றுமே பிடித்ததில்லை.

இன்று டிஜிட்டல் கேமராவில் அதே நிழலில் ஐஎஸ்ஓ 1600 வைக்கிறேன். 1/8 இருந்த இடத்தில் 1/200! தோப்பின் பச்சை படத்துக்குள் திரும்பி வந்துவிட்டது.

2009-ல் கேனானின் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் கைநடுக்கத் தடுப்பும் வந்தது. தூரத்துக் காட்சிக்கு நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரம் இரட்டிப்பு) உதவும் அது, நிஜ அளவு நெருக்கத்தில் இரண்டோடு நின்றுவிடும். உடல் முன்னும் பின்னும் அசைவதை அதனால் பிடிக்க முடியாது. எஃப்/8-ல் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர். மூச்சு விட்டாலே பூச்சியின் கண் மங்கி உணர்கொம்பு தெளியும். வரிசையாக ஐந்தாறு படம் தட்டிவிடுகிறேன். 36 படச் சுருளில் அது கட்டுபடியாகாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக் காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயத்திலும், 2021-ல் புலிகள் காப்பகத்திலும் சேர்ந்தது. நினைத்தபடி உள்ளே போக முடியாது, நல்லதுதான். அடிவாரத்து வேலியோரமே எனக்குப் போதும். அங்கே ஆடிக் காற்றில் தும்பி உட்கார்ந்த குச்சி ஆடுவதை எந்தத் தடுப்பும் நிறுத்தாது. 1/500 வரை ஏற்றுவேன். அதற்கும் அடங்காவிட்டால் பழைய வழிதான்: இடது கையால் குச்சியை மெல்லப் பிடித்து, லென்ஸின் முனையை அதே கைமேல் சாய்த்துக்கொள்கிறேன். குச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடுகின்றன.