நடுவுநிலையும் அரசுப் பணியும்

நடுவுநிலை என்னும் சொல்லைத் துலாக்கோலோடு சேர்த்தே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. ஆயினும் நடுவுநிலை என்பது கருத்தே இல்லாதிருத்தல் அன்று. தன் கருத்து தன் பணியைச் சாய்த்துவிடாமல் காத்தலே ஆகும். அரசு ஊழியருக்கு இஃது அறம் மட்டுமன்று, சட்டமும் ஆகும்.

மலேசியாவில் 1993ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகள் இதனை வரையறுக்கின்றன. உயர் நிருவாகக் குழுவினரும் நிபுணத்துவக் குழுவினரும் தேர்தலில் நிற்கவோ, வேட்பாளருக்கு வாக்குத் திரட்டவோ, கட்சிகளுக்கிடையே சர்ச்சையிலுள்ள பொருளில் ஒரு பக்கம் சார்ந்து பொதுவில் பேசவோ கூடாது. வாக்களிக்கும் உரிமை எவரிடமிருந்தும் பறிக்கப்படவில்லை.

விதி எளிது, இக்கட்டான காலத்தில் அதனைக் கடைப்பிடித்தல் அரிது. நம் பேராக் மாநிலமே இதற்குச் சான்று. 2009 பிப்ரவரியில் சட்டமன்ற உறுப்பினர் மூவர் அணி விலகியதால் ஆட்சி மாறியது. மே 11ஆம் நாள் உயர் நீதிமன்றம் நிஸார் ஜமாலுடினே மந்திரி பெசார் என்றது. மறுநாளே அத்தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. மே 22ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜம்ரி அப்துல் காதிரே என்றது. கூட்டரசு நீதிமன்றத்தின் முடிவு 2010 பிப்ரவரியில் வந்தது. இத்தகைய வேளையில் மாவட்ட அலுவலகத்து எழுத்தர் யாருடைய ஆணைக்குக் கட்டுப்படுவார்? தாம் விரும்பும் தலைவருக்கு அன்று. அந்நாளில் சட்டம் யாரை ஏற்கிறதோ அவருக்கே.

பொதுவாக்கெடுப்பில் இச்சோதனை இன்னும் கடுமையாகும். தேர்தலில் கட்சிகள் மோதுகின்றன. பொதுவாக்கெடுப்பிலோ பெரும்பாலும் அரசே ஒரு பக்கம் நிற்கிறது. அரசுக்குப் பணிசெய்தலும் அப்பக்கத்துக்குப் பணிசெய்தலும் ஒன்றெனத் தோன்றிவிடும். இலங்கையில் 1982 டிசம்பர் 22ஆம் நாள், நாடாளுமன்றத்தின் காலத்தைத் தேர்தலின்றி மேலும் ஆறாண்டு நீட்டலாமா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. 'ஆம்' என்பதற்கு விளக்கு, 'இல்லை' என்பதற்குப் பானை. அவசரகால நிலை நடப்பிலிருக்க, 54.66 விழுக்காட்டு வாக்குகள் விளக்குக்கு விழுந்தன; யாழ்ப்பாண மாவட்டம் பெருமளவில் பானைக்கே வாக்களித்தது. பின்னர்த் தேர்தல் ஆணையாளரின் அறிக்கை அவ்வாக்கெடுப்பின் முறைகேடுகளைப் பதிவு செய்தது. முடிவு மாறவில்லை, ஆனால் உண்மை ஏட்டில் ஏறியது. ஆள்வோருக்கு உவப்பில்லாததையும் உள்ளவாறு எழுதுதல் நடுவுநிலையின் ஒரு கூறு.

பிரிட்டனில் பொதுவாக்கெடுப்புக்கு முந்திய 28 நாள், அமைச்சர்களும் அரசுத் துறைகளும் அதுபற்றிய பரப்புரை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. எனினும் 2016இல் அக்காலம் தொடங்குமுன், ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கும்படி பரிந்துரைத்த அரசின் துண்டறிக்கை ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டது. சட்டம் மீறப்படவில்லை, கண்டனம் எழுந்தது. வேலி முடியுமிடத்தில் மனச்சான்றே காவல்.

பாரிட் புந்தாரில் நம்மிடையே உள்ள அரசுப் பள்ளி ஆசிரியர்களும் பொது ஊழியரே. வாக்களிப்பு நாளில் பள்ளி வாக்குச் சாவடியாகிறது; ஆசிரியர் வாக்களிப்பு அலுவலராகிறார். வரிசையில் நிற்போர் அவருடைய பழைய மாணவராகவோ, மாணவரின் பெற்றோராகவோ இருப்பர். சீட்டை நீட்டும் கை எப்பக்கம் சார்ந்தது என்று அவர்களுக்குத் தெரியாதிருக்கும்வரை, தோற்ற பக்கத்தாரும் முடிவை ஏற்பர்.